அடி வாங்குகிறவரைப் பாருங்கள்: செந்தில் படங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

ராமநாதபுரம் கடலோரத்தில் நடிகர் செந்திலைத் தெரியாத வீடு கிடையாது. மண்டபத்தில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தாலும், கீழக்கரையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனிடம் கேட்டாலும், 'வாழைப்பழம்' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் அவர் நடித்த ஒரு படத்தை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்த இளவட்டங்கள் ரொம்பக் குறைவு. ஆதித்யாவிலும் சிரிப்பொலியிலும் வெட்டிப் போடுகிற காட்சிகள், போனில் வருகிற துண்டு வீடியோக்கள், நண்பர்கள் அனுப்பும் மீம்கள் என்று இவ்வளவோடு அவரை நிறுத்திவிடுகிறோம்.

இந்தக் கட்டுரை அதைத் தாண்டிப் போக நினைப்பவர்களுக்காக. செந்திலின் நடிப்பை எங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது, எதைக் கவனிப்பது, யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் சொல்ல வருவதில் முக்கியமானது ஒன்றுதான். கவுண்டமணி, செந்தில் காட்சிகளில் நம் கண் தன்னால் கவுண்டமணியிடம் போய்விடும். அவர்தான் சத்தம் போடுகிறார், அவர்தான் திட்டுகிறார், அவர்தான் எட்டி உதைக்கிறார். கண்ணை அவரிடமிருந்து பிடுங்கி, அடி வாங்குகிறவர் மேல் வையுங்கள். அந்தச் சிரிப்பு எங்கே தயாராகிறது என்று அப்போதுதான் தெரியும்.

தொடங்கும் முன்: ஆள் யார்

செந்தில் நம் மாவட்டத்துக்காரர். முதுகுளத்தூர் பக்கத்து இளஞ்செம்பூரில் 1951-இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் முனுசாமி. அப்பா திட்டினார் என்று சின்ன வயதிலேயே ஊரை விட்டுக் கிளம்பியவர். எண்ணெய்க் கடை, மதுக்கடை என்று கிடைத்த வேலையைப் பார்த்து, நாடகத்துக்குள் நுழைந்து, சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டினார். 1983-இல் வந்த 'மலையூர் மம்பட்டியான்' அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அப்புறம் ஏறக்குறைய இருபது வருடம் ஓய்வில்லாத ஓட்டம்.

படம் பார்க்க இவ்வளவு விவரம் போதும். அரசியல் மேடையில் அவர் பேசியதெல்லாம் வேறு கதை.

முதல் படம் எது

பலரும் 'கரகாட்டக்கார'னை எடுத்து வைப்பார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். வாழைப்பழக் காட்சி நமக்கு அவ்வளவு பழகிவிட்டது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே பார்ப்பதால் அதில் நடிப்பு கண்ணில் படாது. அதனால் 1984-இல் ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் தொடங்குங்கள்.

விஜயகாந்தும் ரேவதியும் நடித்த, மனதைக் கனக்க வைக்கிற கதை அது. அதற்கு நடுவில் ஆல் இன் ஆல் அழகுராஜாவின் கடை வரும். வாடகைக்கு சைக்கிளும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் கொடுக்கிற கடை. கவுண்டமணிதான் அழகுராஜா. செந்தில் அந்தக் கடைப் பக்கம் வந்து போகிறவர். துண்டுக் காட்சியாகப் பார்க்கும்போது அது ஒரு தனி நகைச்சுவை. படத்தோடு பார்த்தால்தான் எவ்வளவு பெரிய துக்கத்துக்கு நடுவில் அது மூச்சு விட இடம் தருகிறது என்பது புரியும். ஆகவே நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். பாட்டு, அழுகை எல்லாவற்றையும் சேர்த்தே பாருங்கள்.

முதல் தடவை பார்க்கும்போது எதையும் ஆராய வேண்டாம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். வீட்டில் நாலு பேரோடு பார்த்தால் இன்னும் நல்லது.

அந்தக் காலத்துச் சாமான்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனாலேயே இளையவர்களுக்குப் பாதி நகைச்சுவை போய்ச் சேருவதில்லை.

பெட்ரோமாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் மண்ணெண்ணெய் தொட்டி. பக்கத்தில் காற்றடிக்க ஒரு பம்பு. முதலில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திக் குழாயைச் சூடாக்க வேண்டும். பிறகு காற்றடித்தால் எண்ணெய் ஆவியாகி மேலே வரும். அந்த ஆவி எரிகிற இடத்தில் ஒரு சின்னத் துணிப்பை கட்டியிருக்கும். அதுதான் மேண்டில். புதிதாகக் கட்டும்போது துணி மாதிரி மெத்தென்று இருக்கும். ஒரு தடவை எரிந்துவிட்டால் நூல் எல்லாம் சாம்பலாகிப் போய், அதில் ஊறிய மருந்து மட்டும் வெள்ளை வலையாக அப்படியே நிற்கும். வெளிச்சம் பளீரென்று வருவது அதிலிருந்துதான். பார்க்க முழுசாக இருக்கும். விரல் பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். விளக்கு வைத்திருக்கிறவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மேண்டிலுக்காகத்தான். வேறொரு மேண்டில் வாங்கிக் கட்டும் வரை விளக்கு சும்மா பித்தளைப் பாத்திரம்.

இப்போது அந்தக் காட்சியைப் பாருங்கள். இதில் எப்படி வெளிச்சம் வரும் என்று செந்தில் கேட்கிறார். கடைக்காரர் பெருமையாக மேண்டிலைக் காட்டி விளக்குகிறார். செந்தில் கையை நீட்டுகிறார். மேண்டிலை அறிந்தவருக்குக் கை நீளும்போதே வயிற்றில் புளி கரைக்க ஆரம்பித்துவிடும்; உடைந்த பிறகு வெடிப்பது சேர்த்து வைத்த சிரிப்பு. அறியாதவருக்கு ஏதோ உடைந்தது, திட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேண்டுமா என்ற அந்த வசனம் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. சொன்னவர் கவுண்டமணி. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியவை செந்திலின் விரல்கள். அவர் கை வைத்தபோது அந்த முகத்தில் குறும்பு கிடையாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருக்கிறது. வேண்டுமென்றே உடைக்கிறவனாக நடித்திருந்தால் அது வெறும் சேட்டையாகப் போயிருக்கும்.

நம் கடலோரத்தில் பெட்ரோமாக்ஸ் பார்த்த கண்கள் இன்னும் நிறைய உண்டு. கோயில் கொடை, சந்தனக்கூடு, மாதா கோயில் தேர், கல்யாண ஊர்வலம், ராத்திரி கரையோரத்தில் நண்டு பிடிப்பது என்று எல்லாவற்றுக்கும் அந்த விளக்குதான். பழையது ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். இறக்கி, துடைத்து, எரிய வைத்துப் பாருங்கள். காட்சி அப்படியே மாறிவிடும். வாடகை சைக்கிள், டிரங்கால், டூரிங் டாக்கீஸ் மணல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். படத்தில் புரியாத பொருள் எது வந்தாலும் நிறுத்தி, வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள்.

இரண்டாம் தடவை: சத்தத்தை அணைத்துவிட்டு

அடுத்து அதே காட்சியைச் சத்தமில்லாமல் போடுங்கள். வசனம் போய்விட்டால் உடம்பு மட்டும் மிஞ்சும். மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, கண். கவுண்டமணி வெடிப்பதற்கு முந்தின நொடியில் செந்திலின் கண் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பயத்தில் கீழே இருக்காது. எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தான் சொன்ன பதிலுக்குப் பாராட்டு வரும் என்று காத்திருக்கிற பார்வை அது.

இரண்டாவது, கழுத்தும் தோளும். அவர் குள்ளம், பருமன். எதிரில் நிற்பவர் உயரம். அதனால் எப்போதும் அண்ணாந்தே பேச வேண்டியிருக்கிறது. அந்த அண்ணாந்த முகமே கேட்கிறவனுக்கும் சொல்கிறவனுக்கும் நடுவில் இருக்கிற ஏற்ற இறக்கத்தை வசனமில்லாமல் காட்டிவிடுகிறது.

மூன்றாவது, உதை விழுந்த பிறகு நடப்பது. இதைத்தான் ரொம்ப மதிக்கிறேன். அடி வாங்கிய மாதிரி நடிப்பது எல்லோருக்கும் வரும். செந்தில் ஒரு எட்டுத் தள்ளிப் போய், சட்டையைச் சரி பண்ணி, திரும்ப அதே இடத்துக்கு வந்து நிற்பார். கோபமும் இருக்காது, வெட்கமும் இருக்காது. அவர் அழுதிருந்தால் நமக்குப் பரிதாபம் வந்திருக்கும். முறைத்திருந்தால் சண்டை ஆகியிருக்கும். இரண்டும் இல்லாததால்தான் அடுத்த கேள்விக்கு இடம் கிடைக்கிறது. அந்தச் சமநிலையைக் காட்சிக்குக் காட்சி காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலையா?

மூன்றாம் தடவை: படத்தைப் பார்க்காமல்

இப்போது திருப்பிப் போடுங்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். வலை வேலை, சமையல், கருவாடு பிரிப்பது என்று கை வேலையோடு கேட்கலாம்.

செந்திலின் குரல் மெல்லிசு. கொஞ்சம் மூக்கிலிருந்து வருகிற, இழுத்துப் பேசுகிற குரல். எதிர்க்குரல் எவ்வளவு உயர்ந்தாலும் இவர் குரல் ஏறாது. அவர் கூப்பிடுகிற 'அண்ணே'யைக் கேளுங்கள். சந்தேகம் கேட்க ஒரு மாதிரி, சேதி சொல்ல ஒரு மாதிரி, அடி விழப் போகிறது என்று தெரிந்ததும் இன்னொரு மாதிரி. நாம் தெருவில் தினமும் கூப்பிடுகிற அதே கூப்பாடுதான். அதை வைத்தே ஒரு காட்சியின் போக்கைச் சொல்லிவிடுகிறார்.

இப்போது வாழைப்பழத்துக்கு வரலாம்

'கரகாட்டக்காரன்' 1989-இல் கங்கை அமரன் இயக்கத்தில் வந்தது. மதுரையில் ஒரு வருடத்தைத் தாண்டி ஓடிய படம். இதில் நகைச்சுவை கதைக்கு வெளியே நிற்கவில்லை. ராமராஜனின் கரகாட்டக் குழுவிலேயே கவுண்டமணியும் செந்திலும் இருக்கிறார்கள். அதனால் சிரிப்பும் கதையும் ஒரே வண்டியில் போகின்றன.

காட்சி எல்லோருக்கும் தெரியும். இரண்டு பழம் வாங்கச் சொல்லிச் செந்திலிடம் கவுண்டமணி காசு கொடுத்தார். வந்தது ஒன்று. மற்றது எங்கே என்று கேட்டால், அந்த மற்றதுதான் இது என்று பதில். இதை எப்படிப் பார்ப்பது?

கேள்வியையும் பதிலையும் தனித்தனியாகப் பிரியுங்கள். கேள்வி கேட்கிறவர் ஒவ்வொரு தடவையும் இன்னும் தெளிவாக, இன்னும் பொறுமையாக, பச்சைப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் கேட்டுப் பார்க்கிறார். காசில் தொடங்குகிறார், எண்ணிக்கைக்கு வருகிறார், கையில் இருப்பதைக் காட்டுகிறார். பதில் சொல்கிறவர் துளி மாறவில்லை. அதே சொல், அதே சுருதி, அதே வேகம். யோசிக்கிற மாதிரிகூட ஒரு இடைவெளி விடவில்லை. அவர் ஒரே ஒரு தடவை தயங்கியிருந்தால், பழத்தைத் தின்றவன் மாட்டிக்கொண்டான் என்று காட்சி அங்கேயே முடிந்திருக்கும். தயங்காததால் நமக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிடுகிறது, ஒருவேளை அவர் சொல்வதும் சரிதானோ என்று. யோசித்துப் பார்த்தால், ஒன்று போய்விட்டால் மிஞ்சியிருப்பது இன்னொன்றுதானே!

நீங்களும் ஒரு நண்பரும் இந்தக் காட்சியை வீட்டில் செய்து பாருங்கள். இதை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை; புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. கவுண்டமணி பாகத்தை ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். செந்தில் பாகத்தை எடுத்தவர் சீக்கிரம் சிரித்துவிடுவார், இல்லாவிட்டால் குரல் ஏறிவிடும். முகத்தில் எதையும் சேர்க்காமல் அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போது விளங்கும்.

இந்தக் காட்சிகளை எழுதியவரையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏ. வீரப்பன். அவரே நாடகத்திலும் சினிமாவிலும் நடித்த நகைச்சுவை நடிகர். இந்த இருவருக்கும் பேர் வாங்கித் தந்த பல நகைச்சுவைப் பகுதிகள் அவர் எழுதியவை. தலைப்பில் பெயர் ஓடும்போது அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள்.

நம்மூர் மேடையிலேயே பார்க்கலாம்

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கும். பெரும்பாலும் வள்ளி திருமணம். ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும் வரை. முருகன் வருவதற்கு முன்னால், நாரதர் வருவதற்கு முன்னால், சிரிக்க வைக்கிற பபூன் வருவார். கதையோடு அவருக்குப் பெரிய தொடர்பு இருக்காது. நேரே சனங்களிடம் பேசுவார், பாடுவார், டான்ஸ் போடுகிற பெண்ணோடு வாயாடுவார்.

ஒரு தடவையாவது மணலில் பாய் விரித்து உட்கார்ந்து பாருங்கள். எண்பதுகளின் படங்களில் நகைச்சுவை ஏன் தனித் தடமாக ஓடியது என்று யாரும் விளக்காமலே புரிந்துவிடும். படம் பார்க்க வந்த சனங்கள் அதற்கு முன்பே பபூன் பார்த்துப் பழகியவர்கள். கதை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம் என்று போவது அவர்களுக்கு உறுத்தவே இல்லை.

மேடையில் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பக்கத்தில் ஆல்ரவுண்ட், அதாவது பல தாளக் கருவிகளைச் சேர்த்து, வாசிக்கிறவர் இருப்பார். அவரிடமும் ஒரு கண் வையுங்கள். பபூன் விழுந்தால் ஒரு சத்தம், அடி பட்டால் ஒரு சத்தம், முழித்தால் ஒரு சத்தம் என்று அந்தந்தக் கணத்தில் போட்டுத் தருவார். சினிமாவில் செந்தில் மேல் உதை விழும்போது வருகிற சத்தத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். அதே கணக்கு. செந்திலும் நாடகம் வழியாக வந்தவர்தான். அந்தச் சத்தத்துக்கு எங்கே இடம் விட வேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும்.

ஊரோடு சேர்ந்து பார்ப்பது

தனியாகப் போனில் பார்ப்பதும் ஊரோடு பார்ப்பதும் ஒன்றல்ல. நகைச்சுவைக்குப் பக்கத்து ஆளின் சிரிப்பு வேண்டும். பழைய ஆட்கள் டெக்கும் (வீடியோ கேசட் ஓட்டுகிற பெட்டி) டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போட்டுப் பார்த்தவர்கள். அதை இப்போதும் செய்யலாம்.

அதற்கு நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆண்கள் கரையில் இருப்பார்கள், மே மாதம் பிள்ளைகளுக்கும் விடுமுறை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

ஒரு சின்ன புரொஜெக்டர் வாடகைக்குக் கிடைத்தால் போதும். வெள்ளை வேட்டியைத் திறந்த வெளியில் இரண்டு கம்புக்கு நடுவே கட்டாதீர்கள். கச்சான் காற்றில் பாய் மாதிரி உப்பிக்கொண்டு முகமெல்லாம் நெளியும். சுவரை ஒட்டி, நாலு முனையையும் இழுத்து, அடியில் கல் வைத்துக் கட்டுங்கள். வெள்ளையடித்த சுவர் இருந்தால் வேட்டியே வேண்டாம். ஒலிபெருக்கியைக் காற்று வருகிற பக்கம் வைத்தால் வசனம் ஆட்களை நோக்கி வரும். எதிர்ப்பக்கம் வைத்தால் பாதிப் பேச்சு கடலுக்குத்தான். இருட்ட ஏழு மணிக்கு மேல் ஆகும். பள்ளிவாசல் தொழுகை, கோயில் பூசை, சர்ச் செபம் எல்லாம் முடிகிற நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் படம் போடுவது வழக்கமில்லாத ஊர் என்றால் ஒரு வீட்டு முற்றம் போதும்.

படம் ஓடும்போது ஒரு தடவை திரையைப் பார்க்காமல் சனங்களைப் பாருங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் பெரியவர்கள் மட்டும் சிரிக்கிறார்கள் என்று தனித்தனியாகத் தெரியும். பிள்ளைகள் உதைக்குச் சிரிப்பார்கள். பெரியவர்கள் உதைக்கு முன்னாலேயே, செந்தில் வாயைத் திறக்கிறபோதே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முடிந்ததும் எல்லோரையும் எழுப்பி அனுப்பிவிடாமல் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். முதன்முதலில் இந்தப் படத்தை எங்கே பார்த்தீர்கள் மாமா? தரை டிக்கெட்டா, பெஞ்சா? பெண்கள் கூட்டம் வந்ததா? தெருவில் யாருக்காவது இந்தப் படத்தால் பட்டப்பெயர் விழுந்ததா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் ராத்திரி முழுக்கப் பதில் வரும்.

உறுத்துகிற இடங்களை ஒதுக்கிவிட வேண்டாம்

செந்திலை நேசிக்கிறவர்கள் இதையும் பேச வேண்டும். அந்தக் காட்சிகளில் அவருடைய நிறத்தை வைத்து, உருவத்தை வைத்து, தலையை வைத்து எவ்வளவோ வசவுகள் வருகின்றன. பெண்களைப் பற்றிய பேச்சிலும் இன்றைக்குக் காது கூசுகிற இடங்கள் உண்டு. கரகாட்டக்காரனில் காரை முன்பு வைத்திருந்த சொப்பனசுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார் என்று வருகிற புகழ்பெற்ற கேள்வியும் அந்த வகைதான். அந்தக் காலம் அப்படி என்று தள்ளிவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. நம் பக்கம் வெயிலில் கறுத்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அந்த வசவுகளைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வலித்தது.

பிள்ளைகளோடு பார்க்கும்போது அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். எது நடிப்பால் வந்த சிரிப்பு, எது உருவத்தைச் சொல்லி வரவைத்த சிரிப்பு என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்தால் செந்தில் இன்னும் உயர்ந்துதான் நிற்பார். மேண்டில் காட்சியிலும் சரி, பழக் காட்சியிலும் சரி, வசவை எடுத்துவிட்டாலும் சிரிப்பு அப்படியே நிற்கும்.

அடுத்த வரிசை

இந்த இரண்டு படங்களும் முடிந்த பிறகு, பார்க்க வேண்டிய வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

'ஜென்டில்மேன்', 1993. ஷங்கரின் முதல் படம். டிக்கிலோனா விளையாட்டு இதில்தான். கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்த பிறகும் இந்த ஜோடியின் கணக்கு மாறவில்லை என்பதைப் பார்க்கலாம்.

'நாட்டாமை', 1994, கே.எஸ். ரவிகுமார் இயக்கியது. இதை விடவே கூடாது. இதில் செந்தில் அப்பா, கவுண்டமணி மகன். உறவு தலைகீழ். அப்பாவாக இருந்தும் திட்டு வாங்குகிறவர் அவரேதான். வயதோ உறவோ கொடுத்த அதிகாரத்தை அந்த முகம் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்கப் போகும் காட்சியில் கூட்டத்தில் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், பேச்சு இல்லாத நேரத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

'லக்கி மேன்', 1995. கவுண்டமணி எமன், செந்தில் சித்திரகுப்தன். மேலோகம் போனாலும் ஏச்சு தீரவில்லை. லேசாகப் பார்த்துவிட்டுப் போகலாம்.

'முத்து' 1995, 'படையப்பா' 1999. இரண்டிலும் ரஜினியோடு. முத்துவில் வடிவேலுவும் இருக்கிறார். இருவரில் யார் பெரியவர் என்ற வாதத்தில் இறங்காமல், ஒரே சட்டகத்தில் இருவரும் நிற்கும்போது யார் அசைகிறார், யார் அசையாமல் இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். வடிவேலுவுக்கு உடம்பு முழுக்கப் பேசும். செந்தில் நின்றுகொண்டே இருப்பார்.

'பாய்ஸ்', 2003. இதற்கு ஒரு தனி மாலை ஒதுக்குங்கள். கையில் காசில்லாத பையன்களுக்கு, எந்தக் கோயிலில் எந்த நேரத்தில் என்ன பிரசாதம், எங்கே அன்னதானம் என்று புள்ளிவிவரமாகச் சொல்கிற ஆளாக வருகிறார். வசனம் சுஜாதா. இங்கே செந்தில் கேள்வி கேட்கவில்லை, பதில் சொல்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும், எதிரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. இத்தனை வருடம் அண்ணாந்து பேசிய முகம் இப்போது நிதானமாக, நேராகப் பார்த்துப் பேசுகிறது. அதே மெல்லிய குரல்தான். ஆனால் அதில் ஒரு வாத்தியாரின் தெம்பு. அவரை ஒரே மாதிரி நடிக்கிறவர் என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

'தானா சேர்ந்த கூட்டம்', 2018. சூர்யாவின் குழுவில் ஒருவராக வருகிறார். 'லால் சலாம்', 2024. அதில் அவர் சிரிக்க வைக்க வரவில்லை, கலங்க வைக்கிறார். முதிய முகத்தில் அந்தப் பழைய வெள்ளந்தித்தனம் வேறு வேலைக்குப் பயன்படுகிறது. இந்த இரண்டையும் கடைசியில்தான் பார்க்க வேண்டும். பழையதைப் பார்க்காமல் இவற்றைப் பார்த்தால் ஒரு வயதானவர் நடித்திருக்கிறார் என்ற அளவில் போய்விடும்.

வாரத்துக்கு ஒரு படம் போதும். ஒரே மூச்சில் பார்த்தால் எல்லாக் காட்சிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஒரு நோட்டு

பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, காட்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் கேள்வி கேட்டார், செந்தில் என்ன பதில் சொன்னார், என்ன பொருள் உடைந்தது அல்லது தொலைந்தது, அடி எப்போது விழுந்தது, காட்சியை விட்டுக் கடைசியாகப் போனவர் யார். இந்த ஐந்தையும் குறித்து வையுங்கள். ஐந்தாறு பக்கம் நிரம்பியதும் திரும்பப் படித்தால் சில விஷயங்கள் தானாகக் கண்ணில் படும். பல காட்சிகளில் செந்தில் பொய்யே சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு எழுத்துப் பிசகாமல் பதில் சொல்கிறார், அதனால்தான் எதிராளிக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அவர் நிஜமாகவே பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிற காட்சிகளைத் தனியாகக் குறியுங்கள். அவற்றில் சிரிப்பு கொஞ்சம் மட்டுப்பட்டு இருக்கும் என்பது என் கணிப்பு. உங்கள் நோட்டில் வேறு மாதிரி வந்தால் அதையே நம்புங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு அதே படங்களைத் திரும்ப எடுத்து, இந்தத் தடவை கவுண்டமணியை மட்டும் பாருங்கள். செந்திலின் பதில் வந்து விழுந்த பின் அவர் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறார், எந்தச் சொல்லில் உடைகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அதற்குத் தொடக்கமாக 1977-இல் வந்த '16 வயதினிலே' சரியாக இருக்கும். செந்தில் இல்லாத கவுண்டமணியை அதில் பார்த்துவிட்டு, மறுபடியும் அழகுராஜாவின் கடைக்கு வாருங்கள்.